மூன்றாவது வரிசை யாருக்கு?

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பெயர் பிரேக் அக்கா. கற்றுக்கொள்ள வந்தவன் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பான். அக்கா பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற தனி பிரேக்கின் மேல் வலது காலை வைத்துக்கொண்டு பாடம் நடத்துவாள். வாய் என்ன பேசினாலும் கால் தூங்காது. நாய் குறுக்கே வந்தாலும் வண்டி நிற்கும், நாய் வரப்போகிறதோ என்று அக்காவுக்குத் தோன்றினாலும் நிற்கும். அவள் செருப்பில் வலது கால் அடிதான் எப்போதும் முதலில் தேயும். செருப்புக் கடையில் போய் ஒற்றைச் செருப்பு கிடைக்குமா என்று கேட்டு, கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்ததும் உண்டு.

அந்தக் கால் பள்ளியோடு நின்றால் பரவாயில்லை. பஸ்ஸில் அமுக்குவாள். சோபாவில் உட்கார்ந்து டிவியில் கார் துரத்துவதைப் பார்த்தால் தரைவிரிப்பைப் போட்டு அமுக்குவாள். பல் டாக்டரின் நாற்காலி பின்னால் சாய்ந்தபோதுகூட அமுக்கியிருக்கிறாள். சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள். "நானா? எப்போ?" என்று நம்மையே திருப்பிக் கேட்பாள்.

அவள் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை, மூக்கில் மாட்டுகிற கண்ணாடி. நாள் முழுக்க "இப்போ தெரியுதா? இது? இது?" என்று கேட்டுக் கேட்டுக் குரலே சாந்தமாகிவிட்ட மனுஷன். ஒருகாலத்தில் அவரும் அக்காவிடம் கார் படிக்க வந்தவர்தான். படித்த லட்சணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒவ்வொரு வகுப்பிலும் நடைபாதை மேல் ஏற்றுவார், வைப்பரைப் போட்டுவிட்டு இண்டிகேட்டர் என்பார், முதல் கியருக்குப் பதில் அக்காவின் கைப்பையைப் பிடித்து இழுப்பார். ஆனால் பரீட்சை நாளில், எல்லாரும் நடுங்குகிற கடுகடு அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒரே தடவையில் பாஸ் பண்ணிவிட்டார். தன்னைப் பார்த்தால் மட்டும் இந்த ஆளுக்குக் கை கால் ஓடவில்லை, இது காதலில்லாமல் வேறென்ன என்று அக்கா முடிவு கட்டினாள். கல்யாணமும் ஆனது. அவள் கணக்கு பாதி சரிதான். மீதிப் பாதி வெளியே வந்த கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

வீட்டிலிருந்த பழைய கார் கிழடு தட்டிவிட்டது. மேடு ஏறும்போது முனகியது, இறங்கும்போது அழுதது. புது வண்டி வாங்கத்தான் வேண்டும், அதுவும் கொஞ்சம் உயரமான எஸ்யூவியாக வாங்க வேண்டும் என்பதுவரை வீட்டில் சண்டையே இல்லை. அப்புறம்தான் ஆரம்பித்தது. கண்ணாடிக்காரருக்கு மூன்று வரிசை சீட் உள்ள பெரிய வண்டி வேண்டும். அக்காவுக்கு இரண்டே வரிசை உள்ள நடு சைஸ் வண்டி போதும்.

"டிரைவிங் ஸ்கூல், கடை, காலேஜ், சாமான் வாங்கறது. தினம் இதுதானே ஓட்டப் போறோம்? இதுக்கு எதுக்குங்க கப்பல்?" என்றாள் அக்கா.

"குடும்பம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"நம்ம குடும்பமே மூணு பேருங்க. ஆளுக்கொரு வரிசையா?"

வெளியே அவள் சொன்ன காரணமெல்லாம் பெட்ரோல் குடிக்கும், பார்க்கிங் கிடைக்காது, கேட்டில் உரசும் என்பதுதான். அத்தனையும் நியாயமான காரணங்கள். ஆனால் உள்ளே இருந்த காரணம் வேறு. கண்ணாடிக்காரருக்கு முடியாது என்று சொல்லவே வராது. வண்டியைக் கிளப்பினால் போதும், வாசலில் நிற்கிற யாரைப் பார்த்தாலும் "எங்க போறீங்க? நாங்களும் அந்தப் பக்கம்தான், ஏறிக்கோங்க" என்பார். அவர் அந்தப் பக்கமே போக மாட்டார், அது வேறு விஷயம். எதிர்வீட்டில் முழங்கால் மாமா என்று ஒருவர். கால் மடக்க முடியாதாம். அதனால் முன் சீட் அவருக்குப் பட்டா போட்டாகிவிட்டது. அவர் வராத நாளில் கண்ணாடிக்காரரின் பெரியப்பா, பெரியப்பா இல்லையென்றால் வழியில் அகப்பட்ட ஒரு வாடிக்கையாளர். அக்கா பின்னால், நடுவில், யாரோ ஒருவருடைய பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நாள் முழுக்க ஊரில் உள்ளவர்கள் பக்கத்திலெல்லாம் முன் சீட்டில் உட்காருகிற பொம்பளைக்கு, சொந்தக் காரில் புருஷன் பக்கத்தில் உட்கார வாய்ப்பே இல்லை. இதை யாரிடம் சொல்வது? பள்ளியில் "கிளட்சை விடுறா கிராதகா" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்துகிறவள், வீட்டில் இந்த ஒரு வரியைச் சொல்ல வெட்கப்பட்டாள். கல்யாண வயசில் பெண்ணை வைத்துக்கொண்டு என்ன பேச்சு இது என்று அவளுக்கே தோன்றியது. அதனால் வண்டி சின்னதாக இருந்துவிட்டால் கூட்டம் குறையும், கூட்டம் குறைந்தால் முன் சீட் தானாகத் தன்னிடம் வந்துவிடும் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

மகளிடம் மட்டும் அரைகுறையாகச் சொன்னாள். அவள் பட்டென்று போட்டு உடைத்தாள். "அம்மா, இப்ப இருக்கிற காரும் அஞ்சு சீட்தான். அதுல ஏழு பேர் போறோம்."

"புது வண்டில பெல்ட் போடலன்னா கீ கீன்னு கத்துமாம். ஏழு பேரு உட்கார முடியாது."

"அப்பவும் மாமா முன்னாடிதான் உட்காருவாரு."

"நீ வாய மூடு" என்றாள் அக்கா. பதில் இல்லாத இடத்தில் அம்மாக்கள் சொல்கிற பதில் அதுதான்.

ஷோரூமுக்குப் போனார்கள். பெரிய வண்டி உண்மையிலேயே பெரிசு. பக்கத்தில் நின்றால் நாம் ஏதோ தப்பு பண்ணிவிட்டுத் தலைமையாசிரியர் அறைக்கு வந்தமாதிரி இருந்தது. நடு சைஸ் வண்டி அதன் பக்கத்தில் அடக்கமாக நின்றது. கண்ணாடிக்காரர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பெரிய வண்டியின் மூன்றாவது வரிசைக்குள் தலையை விட்டார், உடம்பை விட்டார், உட்கார்ந்தும் பார்த்தார். அங்கிருந்து விற்பனைப் பையனிடம் கேட்டார்: "ஏன் தம்பி, இங்கருந்து பேசினா ஓட்டறவருக்குக் கேக்குமா?"

"கேக்கவே கேக்காது சார். அவ்ளோ தூரம்" என்றான் பையன் பெருமையாக.

கண்ணாடிக்காரர் முகத்தில் ஒரு திருப்தி. "பாரும்மா, நீ இங்க ஜம்முனு காலை நீட்டி உட்காரலாம்" என்றார் அக்காவிடம். எத்தனை பாசம் பாருங்கள். ஊரையே ஏற்றப்போகிறான் மனுஷன், என்னைத் தூக்கி டிக்கியில் போடப்போகிறான் என்று அக்காவுக்கு வயிறு எரிந்தது.

ஆனால் அவளும் சும்மா வரவில்லை, திட்டத்தோடுதான் வந்திருந்தாள். எந்தச் சந்தில் எந்தத் திருப்பத்தில் எவன் அழுவான் என்று அவளுக்கு அத்துப்படி. அழுகிறவர்களுக்குக் கொடுக்கக் கைப்பையில் டிஷ்யூ வைத்திருப்பாள். "ரெண்டு வண்டியும் ஓட்டிப் பாருங்க. வழி நான் சொல்றேன்" என்றாள். பையன் சரியென்று முன் சீட்டில் ஏறிக்கொண்டான். ஓட்டிப் பார்க்கிறவர் பக்கத்தில் ஷோரூம் ஆள் உட்காருவதுதானே வழக்கம். அங்கேயும் முன் சீட் போச்சு.

நடு சைஸ் வண்டியை அகலமான புறவழிச் சாலைக்கு அனுப்பினாள். வளைவு இல்லை, நெளிவு இல்லை, எதிரே ஈ காக்கை இல்லை. கண்ணாடிக்காரர் போய்விட்டு வந்து கொட்டாவி விட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணுமே தெரியல. கட்டில்ல படுத்த மாதிரி இருக்கு" என்றார். அதுதானே தினமும் ஓட்டுகிற வண்டிக்கு வேண்டியது என்று அக்கா மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

அடுத்து பெரிய வண்டி. கண்ணாடிக்காரர் பெண்டாட்டியைப் பிடிவாதமாக மூன்றாவது வரிசையில் ஏற்றினார். நடு வரிசையில் மகள். அக்கா அங்கிருந்து சொல்வாள், மகள் அதை முன்னால் கத்துவாள். இந்த அஞ்சல் முறையில் வண்டி நேராகக் காய்கறி மார்க்கெட் சந்துக்குள் அனுப்பப்பட்டது.

அந்தச் சந்தில் சைக்கிளே மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டுதான் போகும். இரண்டு பக்கமும் தள்ளுவண்டி, நடுவில் மூட்டை, மூட்டை மேல் ஒரு ஆள். அக்கா பின்னால் குஷியாக உட்கார்ந்திருந்தாள். இப்போது உரசும், பையன் அலறுவான், கண்ணாடிக்காரருக்கு வியர்க்கும், பெரிய வண்டி ஆசை அப்படியே மண்ணைக் கவ்வும். கண்ணாடிக்காரர் வண்டியின் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார், இந்தப் பக்கம் ஒரு விரல்கடை, அந்தப் பக்கம் ஒரு விரல்கடை, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வண்டியைக் கொண்டுபோனார். மூட்டை மேல் இருந்த ஆள் எழுந்திருக்கவே இல்லை.

"முட்டுச்சந்துக்குப் போகச் சொல்லு" என்றாள் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு.

முட்டுச்சந்தில் திருப்ப இடமே கிடையாது. பின்னாலேயே வளைந்து வளைந்து வெளியே வர வேண்டும். பள்ளியில் படித்தவர்களில் பாதிப்பேர் அங்கே சாவியை அக்கா கையில் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். கண்ணாடிக்காரர் அந்த யானையைப் பின்னால் எடுத்தார். அவசரம் இல்லை, தடுமாற்றம் இல்லை. எந்த இடத்தில் ஸ்டீயரிங்கை ஒடிக்க வேண்டுமென்று அக்கா நினைத்தாளோ அந்த இடத்தில் ஒடித்தார். பையன் "சார், நீங்க லாரி ஓட்டினவரா?" என்று கேட்டான்.

அக்காவுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. உள்ளே இருந்த வாத்தியாரம்மாவுக்கு ஒரே பூரிப்பு. என்னிடம் படித்த பிள்ளை! உள்ளே இருந்த பெண்டாட்டிக்கோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த மனுஷன் இவ்வளவு நன்றாக ஓட்டுகிறார் என்று தனக்கே இன்றுதான் தெரிகிறது. ஏனென்றால் இத்தனை வருஷமும் அவர் ஓட்டியதை அவள் பார்த்ததே இல்லை, முழங்கால் மாமாவின் பிடரியைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

கடைசி அஸ்திரமாகக் கடைவளாகத்தின் மாடிப் பார்க்கிங். சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிற பாதை. திருகாணிக்குள் போகிற மாதிரி இருக்கும். நடு ஏற்றத்தில் முன்னால் போன வண்டி நின்றது, இவரும் நிறுத்த வேண்டியதாயிற்று. இங்கே நிறுத்தி எடுத்தால் யாராக இருந்தாலும் ஒரு அடி பின்னால் சறுக்கும். அக்காவின் வலது கால் மூன்றாவது வரிசையின் தரையை ஓங்கி மிதித்தது. வண்டி இம்மிகூடச் சறுக்காமல் கிளம்பிப் போனது. மொட்டை மாடிக்கு வந்ததும் அவளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"நிறுத்தச் சொல்லுடி!"

மூன்றாவது வரிசையிலிருந்து கோபமாக இறங்குவது லேசான காரியமில்லை. மகள் எழுந்து, சீட்டை மடக்கி, அக்கா ஒரு காலை வெளியே விட்டு, தலையை இடித்து, துப்பட்டா கொக்கியில் மாட்டி, கடைசியில் தவழ்ந்து வெளியே வந்தாள். இதற்குள் பாதிக் கோபம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. முன் கதவைத் திறந்தாள்.

"தம்பி, இறங்குங்க. பின்னாடி போய் உட்காருங்க."

"இல்ல மேடம், ரூல்ஸ்படி நான்தான்..."

"தம்பி!"

'கிராதகா' குரல் அது. பையன் இறங்கி ஓடினான். கண்ணாடிக்காரர் முகம் வெளுத்துப்போனது. "அவரே இருக்கட்டும்மா, வண்டி அவங்களோடது. மகளை வேணா முன்னாடி..."

"இதோ பாருங்க" என்றாள் அக்கா. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவாறே சொன்னாள். "நீங்க ஊரையே ஏத்திக்கோங்க. மாடி கட்டிக்கூட ஏத்திக்கோங்க. நான் கேக்கல. நாள் பூரா முன்ன பின்ன தெரியாதவங்க பக்கத்துல உசிரைக் கையில புடிச்சுக்கிட்டு உட்கார்றேன். எனக்கு எம் புருஷன் பக்கத்துல உட்காரணும். அவ்ளோதான். அதுக்கு எனக்கு முழங்கால் வலிக்கணுமா?"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பையன் மூன்றாவது வரிசையில் தன் செல்போனைத் தீவிரமாகப் பார்க்க ஆரம்பித்தான். கண்ணாடிக்காரர் ஸ்டீயரிங்கைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"பயமா இருக்கும்மா" என்றார்.

"என்ன பயம்?"

"உன் காலுதான்."

அக்கா தன் காலைக் குனிந்து பார்த்தாள். வழக்கமான கால்தான்.

"நீ பக்கத்துல உட்கார்ந்தா நான் இன்னும் லைசென்ஸ் வாங்காத ஆளா ஆயிடறேன். நீ கீழ ஒரு அமுக்கு அமுக்கற. உடனே நான் என்ன தப்பு பண்ணினேன்னு தேட ஆரம்பிச்சுடறேன். தேடற நேரத்துல நிஜமாவே ஒண்ணு பண்ணிடறேன். அப்போ அந்த அதிகாரி பக்கத்துல இருந்தப்ப நல்லாத்தானே ஓட்டினேன்? கல்யாணம் ஆன புதுசுல உன்னை வச்சு ஓட்டிக்கிட்டுப் போய் பால்காரர் சைக்கிளை இடிச்சேனே, அன்னைக்கு முடிவு பண்ணினேன். முன் சீட்ல யாராவது இருந்துக்கிட்டே இருக்கணும்னு. முழங்கால் மாமாவுக்கு நான்தாம்மா சொல்லிக் கொடுத்தேன், கால் மடங்கலைன்னு சொல்லுங்கன்னு."

இது அக்கா எதிர்பார்க்காத இடத்தில் விழுந்த அடி. காதல் என்று இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்தது கிலியாம். அவள் மெதுவாகத் திரும்பி வண்டியின் நீளத்தை ஒரு தடவை பார்த்தாள். முன்னாலிருந்து பின்னால்வரை பார்த்தாள். புரிந்துவிட்டது.

"அப்ப இந்தப் பெரிய வண்டி ஊரை ஏத்திக்க இல்ல. மூணாவது வரிசை எனக்கா?"

மூன்றாவது வரிசையிலிருந்து பேசினால் கேட்கவே கேட்காது என்று சத்தியம் பண்ணிய பையன் அங்கிருந்து, "மேடம், இங்க தனி ஏசி இருக்கு" என்றான்.

முதலில் சிரித்தது மகள்தான். அடக்கப் பார்த்து, முடியாமல், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அக்காவுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, எதை முதலில் விடுவதென்று தெரியாமல் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கைப்பையிலிருந்து டிஷ்யூவை எடுத்தாள். ஊராருக்கெல்லாம் கொடுத்ததில் தனக்கென்று அன்றைக்குத்தான் ஒன்று எடுத்தாள்.

"ஓட்டுங்க" என்றாள்.

"நீ அமுக்குவியே."

"அமுக்குவேன். நிறுத்தச் சொன்னா என்னால முடியாது. நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க."

கண்ணாடிக்காரர் யோசித்தார். ஒருவரிடம் ஒருவர் பொய் சொல்லாத அந்த ஒப்பந்தம் அவருக்குப் பிடித்திருந்த மாதிரி இருந்தது. கியரைப் போட்டார். திருகாணியில் வண்டி இறங்க ஆரம்பித்தது. முதல் வளைவில் அக்கா அமுக்கினாள். அவர் கண் ஒரு தரம் அவள் காலடிப் பக்கம் போனது, ஆனால் என்ன தப்பு என்று தேடவில்லை. இரண்டாவது வளைவில் அமுக்கினாள். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அவள் கால் அதன் பாட்டுக்குக் கிடந்து உதைத்துக்கொண்டது, வண்டி அதன் பாட்டுக்குப் போனது.

சாலைக்கு வந்ததும் கண்ணாடிக்காரர் பின்பக்கம் பார்த்து, "தம்பி, அந்த நடு சைஸ் வண்டில என்னென்ன கலர் இருக்கு?" என்றார்.

பையனுக்குக் கேட்கவில்லை. மகள் திரும்பிக் கத்த வேண்டியிருந்தது. "நீலம் இருக்கு சார், வெள்ளை இருக்கு, ஆனா இந்த வண்டியை இவ்ளோ நல்லா ஓட்டிட்டு..." என்று பையன் அங்கிருந்து புலம்பினான். "எவ்ளோ நல்லா ஓட்டி என்னப்பா, மூணாவது வரிசையில உட்கார இனிமே ஆள் இல்லையே" என்றார் கண்ணாடிக்காரர்.

அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒன்று அவளை உறுத்திக்கொண்டிருந்தது. கழுதை மாதிரி ஓட்டுகிறவனையெல்லாம் தட்டிக்கொடுத்து, சபாஷ், ராசா, பிரமாதம் என்று சொல்லியிருக்கிறாள். நம்பிக்கை வர வேண்டுமே என்று சொல்வாள். இந்த மனுஷனுக்கு மட்டும் சொன்னதில்லை. காதலில் தடுமாறுகிறவனுக்கு எதற்குச் சபாஷ் என்று அப்போது விட்டது, அப்புறம் விட்டது விட்டதுதான். வண்டி ஷோரூம் வாசலில் திரும்பிக்கொண்டிருந்தது. இப்போது விட்டால் இந்த வாய் வீட்டுக்குப் போனதும் பூட்டிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும்.

"என்னங்க" என்றாள். "ரொம்ப நல்லா ஓட்டறீங்க. என்கிட்ட படிச்சதுல உங்கள மாதிரி யாரும் ஓட்டல."

கண்ணாடிக்காரர் திரும்பி அவளைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. கண் கலங்கினால் முன்னால் இருப்பது எப்படித் தெரியும், அதுவும் கண்ணாடி விற்கிறவருக்கே? மார்க்கெட்டில் ஒரு கத்தரிக்காயைக்கூட நசுக்காத அந்தப் பெரிய வண்டி, ஷோரூம் வாசலில் அழகுக்கு வைத்திருந்த பூந்தொட்டி மேல் ஏறி, அதைச் சுக்கு நூறாக்கிவிட்டு நின்றது.

பையன் மூன்றாவது வரிசையிலிருந்து இறங்க வழி தெரியாமல் ஐயோ ஐயோ என்று கதவைத் தேடினான். அக்காவின் கால் இந்த ஒரு தடவை மட்டும் அமுக்க மறந்திருந்தது. கண்ணாடிக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"திட்டறதா இருந்தா ஓட்டறப்பவே திட்டிக்கோ, நான் தாங்கிக்கிறேன்" என்றார். "இந்த மாதிரி எல்லாம் வண்டி நின்னப்புறம் சொல்லும்மா."